வளர்ச்சிக் கணக்கும் வாழ்வுக் கணக்கும்



நாட்டின் பொருளாதாரம் இத்தனை வீதம் வளர்ந்தது என்று வானொலியில் அடிக்கடி கேட்கிறோம். காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு அந்த வளர்ச்சியில் என்ன பங்கு? இப்பாடத்தில் அதை ஆராய்வோம்.

1. எதை எண்ணுகிறார்கள்?

ஓராண்டில் நாட்டில் உற்பத்தியாகும் பொருட்கள், சேவைகள் அனைத்தினதும் பெறுமதியே மொத்த உள்நாட்டு உற்பத்தி. முகாமுக்குத் தகரம் ஏற்றிய லொறியின் கூலி அதில் சேரும். முகாமில் வந்த காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தும் சேரும். ஆனால் தரிசாய்க் கிடக்கும் வயலும், தூர்ந்த கிணறும், சிதறிப்போன மாட்டுப்பட்டியும் நட்டமாகக் கழிக்கப்படுவதில்லை. ஊர்கூடிக் குளக்கட்டைத் திருத்திய சிரமதானத்துக்கும், வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் தாயின் உழைப்புக்கும் அங்கே இடமில்லை. தேசிய வருமானக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸ் என்ற அறிஞரே, இதைக் கொண்டு மக்களின் நலத்தை அளக்க முடியாது என்று 1934இல் எச்சரித்தார்.

2. சம்பூர் தரும் பாடம்

2006இல் மூதூர் கிழக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் சம்பூரில் இலங்கை மின்சார சபையும் இந்திய தேசிய அனல்மின் கழகமும் இணைந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் அபிவிருத்தி என்றே சொல்லப்பட்டன. காணிக்காரரோ கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் கொட்டில்களில் காத்திருந்தனர்.

மாற்றுக் காணி பற்றிப் பேசப்பட்டபோதும் பலர் சொந்த ஊரையே கேட்டு நின்றனர். 2015இல் அந்த 818 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. வெயில் நிலக்கரியைப்போல் புகையாது, அது நல்லதே. ஆனால் எந்த மின்நிலையத்துக்கும் நிலம் வேண்டும். எந்த நிலம், யாரைக் கேட்டு என்பதே நமது கேள்வி.

3. வேறு அளவுகோல்கள்

தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவரான ஜே.சி. குமரப்பா, காந்தியடிகளோடு உழைத்த பொருளியலாளர். நிலைத்த பொருளாதாரம் பற்றிச் சிறையிலிருந்தே எழுதினார். அந்நூல் 1945இல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும். இயற்கை புதுப்பித்துத் தருவதைச் சார்ந்த வாழ்வே நிலைக்கும் என்பது அவர் கருத்து.

பூட்டான் நாடு மக்களின் மகிழ்ச்சியை அரசின் இலக்காக 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதியது. அவ்வளவு தூரம் போவானேன்? இலவசக் கல்வியாலும் இலவச வைத்தியத்தாலும், தன்னிலும் செல்வம் கூடிய பல நாடுகளைவிட நீண்ட ஆயுளையும் எழுத்தறிவையும் நமது இலங்கையே பெற்றது. வருமானம் பெருகும்வரை நலம் காத்திருக்க வேண்டியதில்லை.

4. வேதாகமத்தின் ஒளியில்

ஆகாப் அரசன் நாபோத்திடம் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டபோது, அதைவிட நல்ல தோட்டமோ பணமோ தருவதாகவே சொன்னான். சந்தைக் கணக்கில் நாபோத்துக்கு நட்டமில்லை. ஆனால் அது முன்னோரின் உரிமை. விலை பேசும் பொருளன்று என அவன் மறுத்தான். அதற்காகவே கொல்லப்பட்டான். கடவுள் அரசனின் பக்கம் நிற்கவில்லை.

குழுவில் கலந்துரையாட:

அ. இடம்பெயருமுன் உங்கள் குடும்பத்துக்குக் காசு கொடாமல் கிடைத்தவை எவை? பட்டியலிடுங்கள்.

ஆ. அவற்றில் எவற்றை நட்டஈட்டுப் பணத்தால் திரும்ப வாங்கலாம்? எவற்றை வாங்க முடியாது?

இ. ஊரில் புதிய திட்டம் வந்தால் பிரதேச செயலகத்தில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளையும் இவ்வாரமே பத்திரப்படுத்துங்கள்.