ஸ்கானருக்கு முன் ஸ்பனர்

சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் முள்ளிக்குளத்திலும் மலங்காட்டிலும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, பெடியனை மெக்கானிக் வேலைக்கு விடப்போறம். அந்த ஸ்கானர் கோர்ஸ் நல்லமோ?" போன வருடம் ஒருவன் சேர்ந்தான் என்பதற்காகவே அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

வழிகள் தெரிந்தவைதாம். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டாவின் பயிலுநர் முறை, மொறட்டுவை ஜேர்மன் டெக், 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம். எல்லாவற்றிலும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. ஊர்க் கராஜில் பழகியவனும் முன்கற்றல் மதிப்பீட்டுக்குப் போய் அதே சான்றிதழை எடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

எனக்குப் பயம், சில மாதத்தில் மடிகணினியையும் ஸ்கானரையும் மட்டும் காட்டி 'டீசல் நிபுணர்' என்று பத்திரம் கொடுக்கும் வகுப்புகள்தான்.

என் மீன் லொறி கொம்பனி சேர்விஸ் முடிந்து ஒருமுறை வந்தது. ஒயில், டீசல் பில்டர் எல்லாம் புதிது. வெறுமையாக ஓடும்போது குறை தெரியவில்லை. சிலாவத்துறையில் ஐஸும் மீனும் ஏற்றியதும் இழுவை போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் எடுக்கவும் பெரும்பாடு. திரும்பக் கொண்டுபோனேன். ஸ்கானர் பூட்டிய பெடியன், "ரெயில் பிரஷர் குறைவு, பம்ப் மாத்தவேணும்" என்றான். திரையில் வந்தது பொய்யில்லை. எஞ்சினுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் பிரஷர் குறைவுதான். அது ஏன் குறையும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மன்னாரில் ஒரு வயதான பாஸ், பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற ரியூப் துண்டொன்றைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டார். டீசலோடு குமிழிகள் ஓடின. புதிய பில்டரைப் பூட்டும்போது ரப்பர் வளையம் மடிந்திருக்கிறது. அது பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். காற்று அமுங்கிக் கொடுப்பதால் பிரஷர் ஏறாது. வளையத்தை மாற்றினார், லொறி பழையபடி இழுத்தது. பம்ப் வாங்க நான் கடனுக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

ஸ்கானர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1995இல் ஜப்பானில் ஹினோ லொறிக்குக் காமன் ரெயில் வந்ததிலிருந்து காதால் மட்டும் டீசல் எஞ்சினை அறிகிற காலம் போய்விட்டது. ஆயிரம் பாரைத் தாண்டும் பிரஷரில் கைவைத்துப் பார்க்கவும் கூடாது. ஆனால் முதல் இரண்டு வருடம் ஸ்பனர், பிறகு ஸ்கானர். இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

பெற்றோரின் அவசரம் எனக்கு விளங்கும். 2007 செப்டெம்பரில் யுத்தத்தால் முள்ளிக்குளத்தைவிட்டு எழும்பினோம், வருடங்களைத் தொலைத்தோம், பிள்ளை கெதியாய் உழைக்கவேண்டும். ஊர் நிலம் திரும்பக் கிடைக்கப் பத்து வருடம் பொறுத்த சனத்துக்குப் பிள்ளையின் கைக்காக இரண்டு வருடம் பொறுக்க முடியாதா? அவனுக்கு இந்த வேலையில் நாட்டம் இருக்கவும் வேண்டும். நாட்டமில்லாதவனைத் தகப்பனின் ஆசைக்காகக் கிறீஸில் தள்ளாதீர்கள்.

விடுமுறையில் ஒரு மாதம் கராஜில் விட்டுப்பாருங்கள். டீசல் மணத்தோடு வந்து, அன்று கழற்றியதைத் தாயிடம் சொல்லிச் சொல்லிச் சோறு தின்கிறானா? கிளிநொச்சிக்கு விண்ணப்பம் போடுங்கள்.