வெல்டரின் தகுதியைக் காத்தல்

உலோகப் பகுதிகளை உருக்கி ஒன்றாக இணைக்கும் தொழில் வெல்டிங் எனப்படும். இணைப்பின் மேற்புறம் செம்மையாகத் தோன்றினும், உள்ளே கசடும் நுண்துளைகளும் மறைந்திருத்தல் கூடும். கண்ணுக்குப் புலப்படாத இக்குறை, நீராவி பாயும் குழாயில் வெடிப்பாக முடியலாம். ஆதலின், இணைப்பைச் சோதிப்பதோடு அமையாமல், அதைச் செய்யும் தொழிலாளியின் திறனையும் சோதிக்கும் முறை ஏற்பட்டது. அச்சோதனையில் தேறியவருக்கு அளிக்கப்படுவதே தகுதிச் சான்று. அதைப் பெறுவது ஒரு நாள் வேலை. காப்பது தொடர்ந்து செய்யவேண்டிய வேலை.

சான்று எவ்வாறு காலாவதியாகிறது?

மின்வில்லின் நீளம், கை நகரும் வேகம், ராடைப் பிடிக்கும் கோணம் ஆகியவை பழக்கத்தால் வருவன. பழக்கம் விட்டால் குன்றுவன. இதனை மனத்திற்கொண்டு, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு, அதன் 9-ஆம் பிரிவில் 6 மாத வரம்பை விதித்துள்ளது. ஒருவர் ஒரு வெல்டிங் முறையில் 6 மாத காலம் வேலை செய்யாவிடில், அம்முறைக்குரிய தகுதி அற்றுப்போகும். சர்வதேசத் தர அமைப்பின் 9606-1 எண்ணுள்ள தரமும் 6 மாதத்திற்கு ஒருமுறை பொறுப்பாளர் கையொப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

இந்தியாவில் கொதிகலன்களை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஆண்டுவந்தது. 2025-இல் புதிய சட்டம் அதனிடத்தைப் பெற்றது. 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி, கொதிகலனில் வெல்டிங் செய்பவர் சோதனையில் தேறிச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். அச்சான்றுக்கும் காலவரம்பு உண்டு.

சித்தூரிலிருந்து ஓர் உதாரணம்

சித்தூர் வட்டாரம் கிளிமூக்கு மாம்பழத்திற்கும், அதிலிருந்து கூழ் எடுக்கும் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. கூழைச் சூடேற்றிக் கிருமி நீக்க நீராவி தேவை. ஆலைகள் மும்முரமாக ஓடுவது கோடையின் கடைசியிலிருந்து சில மாதங்களே. ஆகவே நீராவிக் குழாய்களைப் பழுதுபார்க்கும் வேலை, பருவம் தொடங்குமுன் குவிகிறது, பின்னர் ஓய்கிறது.

6 மாத விதியைக் கடைப்பிடிக்கும் ஒரு நிறுவனத்தில் ஒரு வெல்டர் வேலை செய்வதாகக் கொள்வோம். அவர் ராடு வெல்டிங்கிலும் ஆர்கான் வெல்டிங்கிலும் தேறியவர். மே 20-இல் கடைசியாக ராடு பிடித்தார். அதன்பின் ஆர்கான் வேலை மட்டுமே செய்துவந்தார். நவம்பர் 20-இல் அவருடைய ராடு வெல்டிங் தகுதி அற்றுப்போகிறது. நாள்தோறும் வெல்டிங் செய்தவர் ஆயினும், ஒரு முறையில் செய்த வேலை மற்றொன்றைக் காக்காது. விடுமுறை நாட்களில் வேறிடத்தில் இரும்புக் கதவு செய்ததும் கணக்கில் சேராது. சான்றளித்த நிறுவனத்தின் மேற்பார்வையில் செய்த வேலையே கணக்கில் சேரும். மார்கழியிலோ தையிலோ குழாய் வேலை வந்தால், அவர் மீண்டும் சோதனைத் துண்டு செய்து காட்டவேண்டும். அதுவரை வேலையும் கூலியும் நிற்கும். அக்டோபரில் ஒரே ஓர் இணைப்பை ராடு கொண்டு செய்து பதிந்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது.

காலம் கடந்ததால் அற்ற தகுதியை, அம்முறையில் ஒரே சோதனைத் துண்டால் மீட்கலாம் என்பது மேற்கூறிய 9-ஆம் பிரிவின் சலுகை. ஆனால் திறனில் ஐயம் எழுந்து தகுதி பறிக்கப்பட்டிருப்பின், செய்யப்போகும் வேலைக்கேற்பப் புதிதாகத் தேறவேண்டும்.

பொருள் மாறினால்

திருப்பதியில் ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனை உள்ளது. சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலை 1955 முதல் கட்டிவந்த பெட்டிகள் சாதாரண எஃகு வகையைச் சேர்ந்தவை. பின்னர் ஜெர்மானிய வடிவமைப்பில் வந்த பெட்டிகளின் உடல் துருப்பிடிக்காத எஃகாலானது. சாதாரண எஃகிற்குரிய ராடில் தேறியவர், அச்சான்றைக் கொண்டு துருப்பிடிக்காத எஃகில் கைவைத்தல் ஆகாது. சான்று உயிரோடு இருப்பது வேறு. அது கையிலுள்ள வேலைக்குப் பொருந்துவது வேறு. இரண்டையும் பார்த்தல் வேண்டும்.

பதிவேடு

தகுதி காக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி பதிவேடே. ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பின்வருவனவற்றை எழுதிவருதல் வேண்டும்:

1. கடைசியாக வேலை செய்த நாள், ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக.
2. இணைப்பின் அடையாள எண், உலோகம், ராடின் வகை.
3. மேற்பார்வையாளர் கையொப்பம்.
4. தகுதி அற்றுப்போகும் நாள்.

இவற்றுள் நான்காவதே பெரும்பாலும் விடுபடுவது. அதனை முன்கூட்டியே குறித்து, 5-ஆம் மாத முடிவில் ஏட்டைப் புரட்டும் மேற்பார்வையாளர், வேலை இல்லாத முறையில் ஒரு சிறு இணைப்பையேனும் செய்விக்கலாம். பல மாதங்களுக்குரிய கையொப்பங்களை ஒரே நாளில் இடுவது பொய்ச் சாட்சியாகும். அதனால் விளையும் கேட்டைச் சுமப்பவர் கொதிகலன் அருகில் நிற்கும் தொழிலாளியே.

தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள், மாணவர் முதற்சோதனையில் தேறிய நாளிலேயே அவருக்கென ஓர் ஏட்டைத் தொடங்கி, அதன் முதல் வரியை அவர் கையாலேயே எழுதுவித்தல் நன்று.