நைட் டூட்டிக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு

முப்பது வருஷம் மெடிசின் வார்டில் கிடந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜன்கள் படித்தால் போதும். சீஃப்கள் படித்தால் சந்தோஷம்.

1. கேஷுவாலிட்டிக்கும் வார்டுக்குமாக ராத்திரி முழுக்க ஓடிவிட்டு, "இதுக்கு மேல எக்ஸர்சைஸ் வேணுமா சார்?" என்பீர்கள். நானும் சொன்னவன்தான். அது அலைச்சல். இருபது அடி நடை, ஒரு கட்டில், மறுபடி இருபது அடி. நடுவில் மனசுக்கு ஒரு நொடி ஓய்வில்லை. வாரம் 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்க நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நடையை டூட்டி இல்லாத நாளில் தேடிக்கொள்ளுங்கள், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு.

2. தலை களைத்தால் காலும் களைத்த மாதிரியே இருக்கும். வேல்ஸில் மார்க்கோரா என்பவரின் குழு 2009-ல் இதைச் சோதித்தது. 90 நிமிடம் மூளையைக் கசக்கிவிட்டுச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். இதயத்தில் குறையில்லை, 'முடியலை' என்ற நினைப்புதான் முந்திக்கொண்டது. ஆகவே டூட்டி முடிந்து தூங்கி எழுந்த சாயங்காலம் "கால் வராது" என்று தோன்றினால் முழுக்க நம்பாதீர்கள். தெருக்கோடி வரை போய்ப் பாருங்கள்.

3. அதிகாலை 3 முதல் 5 வரை உங்கள் கையெழுத்தை நீங்களே சந்தேகப்படுங்கள். அப்படியொரு நேரத்தில் இன்சுலின் 6 யூனிட் எழுதினேன். யூனிட் என்று முழுதாக எழுதச் சோம்பி, ஆங்கில முதல் எழுத்தான U-வை மட்டும் 6-ஐ ஒட்டிக் கிறுக்கினேன். அதன் வாய் மூடிக்கொண்டு பூஜ்யமாகிவிட்டது. கேஸ் ஷீட்டோடு சிஸ்டர் வந்து நின்றார்: "சார், ஆறா, அறுபதா?" அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

4. மூன்று மணிக்கு மேல் ஃபிளாஸ்க் டீ வேண்டாம். காலைத் தூக்கம் கெடும்.

5. இருபது நிமிடம் கிடைத்தால் கூச்சப்படாமல் படுங்கள். எழுந்த வேகத்தில் டோஸ் எழுதாதீர்கள். முகம் கழுவி, ஒரு மாடி ஏறி இறங்கி, பிறகு பேனா.

6. எந்த நடையும் தூக்கத்துக்கு ஈடில்லை. பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு எழுதி வைத்தது. உங்களுக்குப் பதில் அந்த உத்தரவு தூங்குகிறது. ரோஸ்டரைத் திருத்தாமல் "யோகா பண்ணுப்பா" என்று மட்டும் சொல்லும் சீஃப்களில் நானும் ஒருவனாக இருந்தேன். தப்பு.

7. 24 மணி நேரம் விழித்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் ஏறியவரின் நிதானம். நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிப்பது 0.03 வரைதான். டூட்டி முடிந்த காலையில் பைக் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். பஸ்ஸில் போங்கள், ஸ்டாப் வந்ததும் எழுப்பிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள்.