நூல் வலை பின்னுவோம்

கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. பலர் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்களும் ஒரு கைத்தொழில் கற்கலாம். கொக்கி ஊசியும் நூலும் போதும்.

1. நூலில் ஒரு கண்ணி போடுங்கள். ஊசியில் மாட்டுங்கள். கொக்கியால் நூலைக் கண்ணி வழியே இழுங்கள். இது ஒரு சங்கிலி. இப்படி 22 சங்கிலி போடுங்கள்.

2. ஊசியிலிருந்து எண்ணி, 6ஆவது சங்கிலியில் ஊசியைக் குத்தி நூலை இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலை எடுத்து, இரண்டின் வழியாகவும் இழுங்கள். இது ஒரு கட்டு.

3. 5 சங்கிலி போடுங்கள். கீழே 3 சங்கிலி விட்டு, அடுத்ததில் கட்டுப் போடுங்கள். கடைசி வரை இப்படியே. மொத்தம் 5 வளைவு வரும்.

4. திருப்புங்கள். 5 சங்கிலி போட்டு, அடுத்த வளைவுக்குள் ஒரு கட்டு. இதே போல எல்லா வரியும்.

வரிக்கு வரி எண்ணுங்கள். 4 வளைவு வந்தால் ஒன்று விட்டுப் போயிற்று. பிரித்து மறுபடி பின்னுங்கள்.

ஆந்திராவில் நரசாபூர் என்ற ஊர் உண்டு. அங்கே பெண்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக லேஸ் பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்ற பெண்மணி அவர்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் எழுதினார். லேஸ் வெளிநாடு போனது. பின்னிய பெண்களுக்கோ மிகக் குறைந்த கூலி. 'வீட்டில் சும்மா இருக்கும்போது செய்வதுதானே' என்றார்கள். அதை வேலையாகவே எண்ணவில்லை.

எத்தனை மணி நேரம் பின்னினீர்கள்? நூல் விலை என்ன? நோட்டில் எழுதுங்கள். பிறகு கூலி பேசுங்கள்.