திருத்தமும் முன்னிருந்த பாடமும்

கற்றவற்றைக் குறித்து வைப்பது கல்வியின் ஒரு கூறு. அறிவு வளருந்தோறும் அக்குறிப்புகள் மாறுதலும் இயல்பே. நேற்றுச் சரியெனத் தோன்றியது இன்று பிழையெனத் தோன்றும். நாளை, நேற்று எழுதியதே சரி என்பது புலனாதலும் உண்டு. ஆகவே, ஒரு குறிப்பைத் திருத்துங்கால் முன்னிருந்ததை என் செய்வது என்னும் வினா எழுகின்றது. சிறிய வினாவே எனினும், இதற்கு ஏற்ற விடை காணாமையால் தமிழ் இழந்தவை பல.

பண்டை நூல்கள் பனையோலையில் எழுதப்பெற்றன. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. செல்லரித்தும் முறிந்தும் போகுமுன் வேறோர் ஏட்டில் அதனைப் பெயர்த்தெழுதுதல் வேண்டும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டுவதில்லை. ‘பெறு’ என்பதும் ‘பேறு’ என்பதும் ஒரே வடிவில் நிற்கும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே தோன்றும். பெயர்த்தெழுதுவோர் தமக்குத் தோன்றிய பொருளுக்கேற்ப ஒரு சொல்லை அமைத்துக்கொள்வர். நல்லெண்ணத்தோடு ‘திருத்தி’ விடுவாரும் உண்டு. பிழையாக எழுதியவரினும் இவரால் விளைந்த கேடு பெரிது எனலாம். பிழை தன்னைக் காட்டிக் கொடுக்கும். அழகாகத் திருத்திய சொல்லோ மூலம்போலவே நின்று மயக்கும். மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார், ஏன் மாற்றினார் என்பன புதிய ஏட்டில் ஏறுவதில்லை. பழைய ஏடோ ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு போய்விடும்.

இந்நிலையினை நன்குணர்ந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942). அவர்தம் இளமைக் கல்வியிற் பெரும்பகுதி இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைச் சார்ந்த ஊர்களில் நிகழ்ந்தது. இசைவாணராகிய தந்தையார் வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு அரியலூரில் வாழ்ந்த காலத்தில், சடகோபையங்காரிடம் தமிழின் சுவையை அவர் முதலில் அறிந்தார். பின்பு குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங்கேட்டார். ஒரு நூலுக்காக ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்குச் செல்லும் பழக்கம் அங்கேயே தொடங்கிற்று. பிற்காலத்தில் ஏடு தேடி அவர் அலைந்த அலைச்சலுக்கு அதுவே பயிற்சியாயிற்று போலும்.

1880-ஆம் ஆண்டில் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்ட பின்னர், ஐயர் சீவக சிந்தாமணியை ஆராயத் தலைப்பட்டார். ஒரு சுவடியில் உள்ள சொல் மற்றொரு சுவடியில் வேறாக இருந்தது. இத்தகைய வேறுபாட்டினைப் பாடபேதம் என்றும் பிரதிபேதம் என்றும் கூறுவர். தமக்குச் சிறந்ததெனத் தோன்றிய பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றை அடிக்குறிப்பிற் காட்டுவது அவர்தம் பதிப்பு நெறியாயிற்று. படிப்போர் அவரோடு மாறுபடவும் இதனால் இடம் உண்டாயிற்று. சிந்தாமணியின் முதற்பதிப்பு 1887-இலும், இரண்டாம் பதிப்பு 1907-இலும் வெளிவந்தன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளிற் பெருகிய அறிவு எத்துணை என்பதை இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார் அறியலாம்.

குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வருகின்றன. ஐயருக்கு முதலிற் கிடைத்த சுவடிகளில் அவற்றுட் சில விடுபட்டிருந்தன. யாப்பறிந்த புலவர் ஒருவர்க்கு அவ்விடத்தில் ஏற்ற சீர்களைத் தாமே அமைத்து நிரப்புதல் அரிதன்று. அவர் அவ்வாறு செய்திலர். குறையைக் குறையென்றே வைத்துத் தேடினார். தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அப்பகுதி அகப்பட்டது. 1889-இல் பத்துப்பாட்டு வெளிவந்தபொழுது அப்பூக்கள் தத்தம் இடத்தில் நின்றன. ஊகத்தால் முன்பே நிரப்பியிருப்பின், அவற்றைத் தேடவேண்டும் என்னும் எண்ணமே எவருக்கும் தோன்றியிராது.

இக்காலத்தார் தம் குறிப்புகளைக் கணிப்பொறியில் எழுதுகின்றனர். அங்கே அழிப்பது மிக எளிது. ஓலையிலாவது அடித்த கீறல் எஞ்சும், திரையில் அதுவும் எஞ்சுவதில்லை. இக்குறையை நீக்கவே பதிப்புக் கட்டுப்பாடு என்னும் முறை அமைந்தது. நிரல் எழுதுவோர்க்கென 1970-களிலேயே இத்தகைய மென்பொருள்கள் தோன்றின. இன்று பெரிதும் வழங்கும் ‘கிட்’ என்பதனை 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கினார். எழுதியவர் ஒரு நிலையைப் பதிவு செய்யுந்தோறும், எழுதியவர் பெயர், நாள், நேரம், மாற்றத்தின் காரணம் ஆகியவற்றோடு அது காக்கப்பெறும். இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் நீக்கிய வரியும் சேர்த்த வரியும் தனித்தனியே தோன்றும். பழைய நிலைக்கு மீளவும் இயலும். ஐயப்பாடான ஒரு கருத்தை மூலத்தைக் கெடுக்காமல் தனிக் கிளையாக எழுதிப் பார்த்து, பொருந்தினால் மட்டும் இணைத்துக்கொள்ளலாம். முழுப்படி ஒன்று எடுத்தால் வரலாறு முழுவதும் உடன் வரும். ஏட்டைப் பெயர்த்தெழுதியோர்க்கு வாய்க்காத பேறு இது. ஆயின் காரணத்தைக் கருவி தானாக அறியாது. எழுதுபவன் ‘திருத்தம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவானாயின், அடுத்த ஆண்டு அவனுக்கே அது விளங்காது.

அரியலூர் மாணவன் ஒருவன் தன் ஊரைப்பற்றிக் குறிப்பு எழுதுவதாகக் கொள்வோம். அவ்வூர் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபொழுது அதனுள் அடங்கியது. 2001-இல் அரியலூரே தனி மாவட்டமாயிற்று. 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் பழைய வரியை அழித்துப் புதியதை எழுதியிருப்பின், இறுதியில் ஒரு வரியே எஞ்சும். அவ்வரி மெய்யே. ஆனால் அவன் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் 1965-ஆம் ஆண்டு நிலப்பத்திரம் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்கிறது. தந்தையாரின் 1998-ஆம் ஆண்டுப் பள்ளிச் சான்றிதழ் பெரம்பலூர் மாவட்டம் என்கிறது. அவனுடைய பிறப்புச் சான்றிதழோ அரியலூர் மாவட்டம் என்கிறது. மாற்றங்களை ஆண்டோடு குறித்து வைத்தவன் ஒருவனே, அம்மூன்று தாள்களும் ஒரே ஊரைக் கூறுவதனை ஐயமின்றிக் காட்டவல்லவன்.