பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் - காத்திருக்கலாமா?

மொட்டை மாடியில் சூரியத் தகடு பதிக்க நினைக்கும் நம் சங்க அன்பர்கள் சிலர், "பெரோவ்ஸ்கைட் என்று புதிதாக ஏதோ வருகிறதாமே, அது வரட்டும் என்று பொறுத்திருக்கலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். சேமிப்பைப் போட்டுச் செய்கிற காரியம் ஆயிற்றே. கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடுவோம்.

பெரோவ்ஸ்கைட் என்பது 1839-இல் ரஷ்யாவின் உரால் மலையில் கண்டெடுத்த கனிமத்தின் பெயர். மின்கலத்தில் இருப்பது அந்தக் கனிமம் அல்ல. அதே படிக அமைப்புள்ள, ஈயமும் அயோடினும் கலந்த ஓர் உப்பு. 2009-இல் ஜப்பானில் மியாசகா குழுவினர் இதைக்கொண்டு 3.8 சதவீதத் திறன் பெற்றனர். இன்று ஆய்வுக்கூடத்துச் சிறு கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். இதையோ கரைசலாகப் பூசி, மிதமான சூட்டில் உலர்த்தினால் போதும்.

சிக்கல் ஆயுளில்தான். மும்பை மழைக்காலத்தில் உப்பு ஜாடி என்ன பாடுபடுகிறது என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் உப்புதானே! ஈரம் புகுந்தால் மெத்தில் அம்மோனியம் என்ற பகுதி கழன்று ஓடிவிடும். கறுப்புப் படலம் மஞ்சள் நிற ஈய அயோடைடாக மாறிவிடும். சூடு மட்டுமே பட்டாலும் இதே கதிதான்.

அதற்குப் பதில் ஃபார்மமிடினியத்தைச் சேர்த்தார்கள். அது சூட்டைத் தாங்கும். ஆனால் படிகக் கூண்டுக்குச் சற்றுப் பெரிது. அதனால் அறை வெப்பத்திலேயே படிகம் உருமாறி, மின்சாரத்துக்கு உதவாத மஞ்சள் வடிவத்தை அடைந்துவிடும். சிறிய அணுவான சீசியத்தைக் கொஞ்சம் கலந்தால் சராசரி அளவு குறைந்து, கூண்டு நிலைக்கிறது. நம் சமையலில் பக்குவம் என்பார்களே, அதுதான்.

அடுத்து, மேற்பரப்பில் அயோடின் விட்டுப்போன பள்ளங்கள். எலக்ட்ரான்கள் அவற்றில் விழுந்து வீணாகும். சிதைவு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். பருத்த மூலக்கூறுகள் கொண்ட கரிம உப்பை மெல்லியதாகப் பூசி அவற்றை அடைத்தால், திறனும் கூடுகிறது, ஆயுளும் கூடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. பிறகு இருபுறமும் கண்ணாடி வைத்து, ஓரங்களை பியூட்டைல் ரப்பரால் அடைப்பார்கள்.

85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் - இது தகடுகளுக்கான சோதனைகளுள் ஒன்று. கணக்கிட்டால் 42 நாள்கூட ஆகாது! சிலிக்கான் தகட்டுக்கோ பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள்.

சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டைக் கலம் 2024-இல் 34.6 சதவீதம் எட்டியது உண்மை. ஆயினும் அது சிறு கலத்தில் கண்ட அளவு. ஆகவே இப்போது பதிக்க வசதியுள்ளவர்கள் சிலிக்கானையே பதியுங்கள். யாரேனும் பெரோவ்ஸ்கைட் தகடு விற்க வந்தால், திறனைக் கேட்கும் முன் எத்தனை ஆண்டு வெயிலிலும் மழையிலும் வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். உள்ளே ஈயம் இருப்பதால், உடைந்த தகட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் சேர்த்தே.