மாஸ்டர் பாஸ்வேர்டைச் சுருக்காதீங்க, அடிக்கிற தடவையைக் குறைங்க!



ஜூலை மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்றவங்க சொல்ற பாஸ்வேர்டுகளைக் கேட்டா எனக்குப் பகீர்னு இருக்கும். பேரு, நடுவுல ஒரு குறி, பிறந்த வருஷம். "நெட் பேங்கிங், டீமேட் எல்லாத்துக்கும் இதேதான் சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அதனாலதான் பாஸ்வேர்டு மேனேஜர் வெச்சுக்கோங்கன்னு சொல்றேன்.

ஆனா அதுல ஒரு தொல்லை இருக்கு. நான் ஆரம்பிச்சப்போ நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வெச்சு, 1 நிமிஷத்துல லாக் ஆகுற மாதிரி செட் பண்ணேன். ஒரே மாசத்துல வெறுத்துப்போய் பாஸ்வேர்டை 8 எழுத்தா சுருக்கிட்டேன். குறைக்கக் கூடாத இடத்துல கை வெச்சுட்டேன்!

ஏன்னா, இங்க இருக்கிறது இரண்டு கதவு.

முதல் கதவு, மாஸ்டர் பாஸ்வேர்டு. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துல வாடிக்கையாளர்களோட வால்ட் பேக்கப்பே திருடு போச்சு. திருடன் அந்தப் பெட்டியைத் தன் கம்ப்யூட்டர்ல வெச்சு எத்தனை கோடி தடவை வேணும்னாலும் முயற்சி பண்ணலாம், யாரும் தடுக்க முடியாது. அங்க உங்களைக் காப்பாத்துறது மாஸ்டர் பாஸ்வேர்டோட பலம்தான்.

இரண்டாவது கதவு, கைரேகை. இது உங்க போன்ல மட்டும்தான் வேலை செய்யும். உடைக்கணும்னா போன் கையில இருக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. 4 இலக்க பின்னுக்கு 10,000 வாய்ப்புதான். 7,776 வார்த்தைகள் உள்ள பட்டியல்ல தாயக்கட்டை உருட்டி 5 வார்த்தை எடுத்தா, சுமார் 28 போட்டு பின்னாடி 18 பூஜ்யம்! வார்த்தைகளை நீங்களா யோசிச்சு எடுக்கக் கூடாது; சினிமா வசனம் வேண்டவே வேண்டாம்.

அப்போ எப்படி செட் பண்ணலாம்?

1. மாஸ்டர் பாஸ்வேர்டு: 5 வார்த்தை. பேப்பர்ல எழுதி, பத்திரங்களோட பீரோவுல வைங்க.

2. மொபைல்: கைரேகை ஆன், லாக் 'உடனே'. ஒரு தொடுதல்தானே, சிரமமே இல்லை.

3. சொந்த லேப்டாப்: 15 நிமிஷத்துல லாக். பின் வெச்சா, 'ரீஸ்டார்ட் ஆனா மாஸ்டர் பாஸ்வேர்டு கேள்' ஆப்ஷன் இருக்கான்னு பார்த்து ஆன் பண்ணுங்க. இல்லேன்னா, ஃபைலைத் திருடினவனுக்கு அந்த 10,000 வாய்ப்பு ரொம்ப சின்ன வேலை.

4. ஆபீஸ் லேப்டாப்: அது கம்பெனி சொத்து, அட்மின் கையில இருக்கு. சொந்த வால்ட்டை அதுல திறக்காதீங்க. போனைப் பார்த்து டைப் பண்ணிக்கோங்க.

5. போன் பின்: 6 இலக்கம், ஏடிஎம் பின் வேண்டாம். இது தெரிஞ்சவர் தன் கைரேகையையே உங்க போன்ல சேர்த்துடலாம்.

6. வாரம் ஒரு தடவை மாஸ்டர் பாஸ்வேர்டை அடிச்சுப் பாருங்க. கைரேகை பழகிட்டா அது மறந்துடும். பெரும்பாலான ஆப்கள்ல 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கைகொடுக்காது.

கடைசியா ஒண்ணு. நீங்களே ரகசிய விவரத்தைப் பகிர்ந்து பணம் போனா, வங்கியில புகார் கொடுக்கிற வரைக்குமான நஷ்டம் முழுசும் உங்களுடையதுன்னு ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்லுச்சு. அதனால நெட் பேங்கிங் பாஸ்வேர்டை யாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. ஆடிட்டர் எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!